பக்கத்து செம்பனை ஆலையிலிருந்து தொடங்குங்கள்: இரசாயனப் பொறியியல் படிப்பும் தொழிற்பயிற்சியும்

நிபோங் திபால், சுங்கை பாக்காப், பாரிட் புந்தார் பக்கத்துப் பிள்ளைகளிடம் இரசாயனப் பொறியியல் என்று சொன்னால் கெர்த்தே, பெங்கெராங் பெட்ரோகெமிக்கல் வளாகங்கள்தான் நினைவுக்கு வரும். வீட்டிலும் ஒரு பேச்சு இருக்கும்: "தோட்டத்தை விட்டு வெளியே போகத்தானே படிக்க வைத்தோம், திரும்பவும் மில்லுக்கா?" வேலைக்கு அந்தப் பேச்சில் நியாயம் உண்டு. பயிற்சிக்கு அது பொருந்தாது. பெரிய பெட்ரோகெமிக்கல் வளாகத்தில் பயிற்சி மாணவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது கோப்புகளும் கட்டுப்பாட்டு அறைத் திரையும். செம்பனை ஆலையில் கொதிகலன், டர்பைன், அழுத்தக்கலன், திருகுப் பிழிப்பான், தெளிவுத்தொட்டி, மையவிலக்கி, வெற்றிட உலர்த்தி, கழிவுநீர்க் குளம் என்று நான்காண்டுப் பாடத்தின் பாதி, மோட்டார் சைக்கிளில் அரை மணி நேரத் தொலைவில் ஓடிக்கொண்டிருக்கிறது. தொட்டுப் பார்க்கலாம், சூட்டைத் தவிர.

முதலில் படிப்பு. எஸ்.பி.எம். தேர்வில் கணிதம், கூடுதல் கணிதம், இயற்பியல், இரசாயனம் நான்கும் கைவசம் இருக்க வேண்டும். டாக்டர் கனவில் உயிரியலைப் பிடித்துக்கொண்டு இயற்பியலைக் கைவிடுகிறவர்கள் படிவம் 6-இல் மாட்டிக்கொள்கிறார்கள். பிறகு மனம் மாறிப் பொறியியலுக்கு விண்ணப்பித்தால் பல பல்கலைக்கழகங்களின் வாசல் சாத்தியிருக்கும். மெட்ரிகுலேஷன் சீக்கிரம் முடியும், படிவம் 6 வழி எழுதும் எஸ்.டி.பி.எம். மூன்று தவணை, கொஞ்சம் கடினம். இரண்டிலும் யு.பி.யு. எனும் பொதுச் சேர்க்கைப் பிரிவு வழியே அரசுப் பல்கலைக்கழகத்துக்குப் போகலாம். முடிவு சுமாராக வந்தால் டிப்ளோமா முடித்துவிட்டுப் பட்டப்படிப்புக்குத் தாவுவது ஒன்றும் குறைச்சலான வழி இல்லை. குழாய், வால்வு, பம்ப் எல்லாம் டிப்ளோமா மாணவருக்கே முதலில் கைவரும்.

இடம் பற்றிக் கவலை வேண்டாம். மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகம் நிபோங் திபாலிலேயே இருக்கிறது. இரசாயனப் பொறியியல் பள்ளியும் அங்குதான். ஸ்கூடாயில் யு.டி.எம்., பாங்கியில் யு.கே.எம்., செர்டாங்கில் யு.பி.எம்., தனியார் வரிசையில் ஸ்ரீ இஸ்கண்டாரில் பெட்ரோனாஸ் பல்கலைக்கழகம், சுங்கை லோங்கில் யு.டி.ஏ.ஆர். என்று இன்னும் உண்டு. கட்டணத்துக்குப் பலருக்கும் கைகொடுப்பது பி.டி.பி.டி.என். எனும் தேசிய உயர்கல்வி நிதியின் கடன்தான். அது கடன், திருப்பிக் கட்ட வேண்டும் என்பதைக் கையெழுத்துப் போடும் நாளிலேயே வீட்டில் எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள்.

விண்ணப்பப் பாரத்தில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டிய இடம் ஒன்று. "இரசாயனப் பொறியியல்" வேறு, "இரசாயனப் பொறியியல் தொழில்நுட்பம்" வேறு. முதலாவது இ.ஏ.சி. எனும் பொறியியல் அங்கீகார மன்றத்தின் பட்டியலில் வருவது, முடித்தவர் பி.இ.எம். எனும் மலேசியப் பொறியாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியாளராகப் பதிந்துகொள்ளலாம். இரண்டாவது பொதுவாக எம்.பி.ஓ.டி. எனும் தொழில்நுட்பவியலாளர் வாரியத்தின் பாதை. இரண்டிலும் வேலை கிடைக்கும், இரண்டும் மதிப்பான படிப்பே. ஆனால் பொறியாளர் பதிவு வேண்டும் என்று நினைத்துக்கொண்டு தொழில்நுட்பப் பிரிவில் சேர்ந்துவிட்டால் மூன்றாம் ஆண்டில்தான் விஷயம் தெரியவரும். சேரும் முன்பே இ.ஏ.சி. பட்டியலில் உங்கள் பாடத்தின் முழுப் பெயரையும் அங்கீகார ஆண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பொறியியல் பட்ட அங்கீகாரத்தை நாடுகள் பரஸ்பரம் ஏற்கும் வாஷிங்டன் உடன்பாட்டில் மலேசியா 2009 முதல் உறுப்பு நாடு. பின்னாளில் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று போகிறவருக்கு அந்த அங்கீகாரம் பேசும்.

வகுப்பில் எதை விட்டாலும் முதலாண்டுப் பொருட்சமன்பாட்டை விடாதீர்கள். உள்ளே போனது, வெளியே வந்தது, உள்ளே தங்கியது என்ற ஒரே கணக்குதான். வெப்ப இயக்கவியல், வெப்பக் கடத்தல், பிரித்தெடுத்தல் எல்லாம் அதன் மேல்தான் நிற்கின்றன. அது தடுமாறுகிறவர் நான்காம் ஆண்டு ஆலை வடிவமைப்புப் பாடத்தில் குழுவுக்கே பாரமாகிவிடுவார்.

பயிற்சி இடம் பிடிப்பது

இ.ஏ.சி. விதிப்படி தொழிற்பயிற்சி குறைந்தது 8 வாரம். பல பல்கலைக்கழகங்கள் 10, 12 வாரம் என்று வைத்திருக்கின்றன. பெரும்பாலும் மூன்றாம் ஆண்டு முடிவில் வரும். நான்கைந்து மாதம் முன்பே கடிதம் போட வேண்டும், ஏனென்றால் நிறுவன ஆலைகளில் ஒப்புதல் தலைமை அலுவலகத்திலிருந்து வரவேண்டியிருக்கும். பல்கலைக்கழகக் கடிதம், இரண்டு பக்கத்துக்கு மிகாத சுயவிவரம், மதிப்பெண் பட்டியல், காப்புறுதிக் கடிதம் ஆகிய நான்கையும் ஒரே கோப்பாக அனுப்புங்கள். ஒரு வாரம் கழித்து ஆலை அலுவலகத்துக்கு போன் போட்டு கிராணியிடம் விசாரியுங்கள். மின்னஞ்சல் தூங்கும், கிராணி தூங்கமாட்டார்.

கடிதத்தில் "எந்த வேலையும் செய்யத் தயார்" என்று எழுதாதீர்கள். "ஸ்டெரிலைசர் நிலையத்தின் நீராவிப் பயன்பாடு" என்றோ "தெளிவுத்தொட்டியின் எண்ணெய் இழப்பு" என்றோ ஒரு தலைப்பைச் சொல்லிக் கேட்டால் ஆலைப் பொறியாளர் நிமிர்ந்து உட்கார்ந்து படிப்பார். அலவன்ஸ் உண்டா, தங்குமிடம் உண்டா என்பதையும் முன்கூட்டியே எழுத்தில் கேட்டுவிடுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது.

மாதத் தேர்வும் முக்கியம். தீபகற்பத்தில் குலை வரத்து பொதுவாக ஆகஸ்டு முதல் அக்டோபர் வரை உச்சத்தில் இருக்கும், ஆண்டுத் தொடக்கத்தில் குறையும். உச்ச காலத்தில் ஆலை இரவும் பகலும் ஓடும், எண்கள் குவியும், ஆனால் உங்களுக்குச் சொல்லித்தர யாருக்கும் நேரம் இருக்காது. வரத்துக் குறைந்த மாதங்களில் பிழிப்பானைத் திறந்து தேய்ந்த திருகை மாற்றுவார்கள், கொதிகலனைக் குளிரவைத்து ஆய்வுக்குத் தயார் செய்வார்கள். இயந்திரத்தின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும். தேர்வு உங்கள் கையில் இருந்தால் இரண்டும் கலந்த காலத்தைப் பிடியுங்கள்.

உள்ளே நுழைந்ததும்

இரும்பு முனைக் காலணி, தலைக்கவசம், காதடைப்பான், நீளக்கை பருத்திச் சட்டை. நைலான் சட்டை வேண்டாம், சூட்டில் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளும். டர்பைன் அறை, கொட்டை முறிப்பான் பக்கம் ஒலி 85 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். அங்கே காதடைப்பானைக் கழற்றிவிட்டுப் பேசும் பழக்கம் பழைய ஆட்களிடம் உண்டு, அதைப் பின்பற்றாதீர்கள்.

ஷிப்டில் மலாய் ஓடும், ஆய்வறிக்கை ஆங்கிலத்தில் போகும், பாய்லர் பக்கம் தமிழும் கேட்கும். மேனேஜரை "துவான்" என்றோ "என்சிக்" என்றோ ஆலையில் எப்படி அழைக்கிறார்களோ அப்படியே அழையுங்கள். இருபது வருடமாகப் பாய்லர் பார்க்கும் அண்ணனிடம் "அண்ணே, இந்த கேஜ் ஏன் ஆடுது?" என்று கேட்டால் பாடப்புத்தகத்தில் இல்லாத பதில் வரும்.

முதல் வாரம் ஒரே ஒரு வேலை: குலை வந்து இறங்கும் சாய்தளத்திலிருந்து எண்ணெய்த் தொட்டி வரை நடந்து, கையாலேயே ஓட்டப்படம் வரைவது. கணினியில் வரையாதீர்கள். ஒவ்வொரு குழாயையும் விரல் நீட்டிப் பின்தொடருங்கள்: எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, நீராவியா வெந்நீரா எண்ணெயா. அலுவலகச் சுவரில் மாட்டியிருக்கும் படத்துக்கும் நீங்கள் வரைந்ததற்கும் வித்தியாசம் வரும். பல ஆலைகளில் குழாய்கள் மாறியிருக்கும், சுவர்ப்படம் மாறியிருக்காது. அந்த வித்தியாசப் பட்டியலே உங்கள் முதல் பயனுள்ள வேலை.

ஸ்டெரிலைசர்: பாடம் தொடங்கும் இடம்

குலைகளை ஸ்டெரிலைசர் எனும் அழுத்தக்கலனில் அடைத்து, சுமார் 3 பார் கேஜ் அழுத்தத்தில் 70 முதல் 90 நிமிடம் நீராவியில் வேகவைக்கிறார்கள். பழம் காம்பிலிருந்து இளகுவதற்கும், கொழுப்பை உடைத்து அமிலமாக்கும் லைபேஸ் நொதியை முடக்குவதற்கும் இது. 3 பார் கேஜ் என்றால், வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்த தனியழுத்தம் சுமார் 4 பார். அங்கே நிறைவுற்ற நீராவியின் வெப்பநிலை ஏறக்குறைய 144 டிகிரி செல்சியஸ்.

இனி கோளாறு. அழுத்தமானி 3 பார் காட்டுகிறது, நேரமும் சரியாகக் கொடுத்தாயிற்று, ஆனாலும் கதிரடிப்பு உருளையிலிருந்து பழம் உதிராத குலைகள் வருகின்றன. ஏன்? உள்ளே காற்று மாட்டிக்கொண்டிருக்கிறது. மொத்த 4 பாரில் ஐந்தில் ஒரு பங்கு காற்று என்று வைத்தால் நீராவியின் பகுதியழுத்தம் 3.2 பார்தான், அதற்குரிய வெப்பநிலை சுமார் 136 டிகிரி. மானி பொய் சொல்லவில்லை, அது அழுத்தத்தைச் சொல்கிறது, வெப்பத்தைச் சொல்லவில்லை. எட்டு டிகிரி குறைவதோடும் போகாது. குலையைச் சுற்றிப் படியும் காற்றுப் படலம் வெப்பம் உள்ளே போவதையும் தடுக்கும். குக்கரில் ஆவி நன்றாக வந்த பிறகே வெயிட் போடுவது எதற்காகவோ, அதற்காகத்தான் இங்கே முதலில் காற்றை வெளியேற்றி, பிறகு அழுத்தத்தை ஏற்றி இறக்கி மூன்று உச்சமாகக் கொடுக்கிறார்கள். அவசரத்தில் காற்று வெளியேற்றும் நிமிடங்களைத்தான் ஆபரேட்டர் முதலில் வெட்டுவார். அழுத்தப் பதிவுத்தாளையும் உதிராத குலைகளின் எண்ணிக்கையையும் பத்து நாளுக்கு அருகருகே வைத்துப் பாருங்கள். டால்டனின் பகுதியழுத்த விதியைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்ததன் பலன் தெரியும்.

அடுத்த நிலையங்களில் வேகமாகப் போகலாம். செரிப்பானில் 90 முதல் 95 டிகிரி. குறைந்தால் பழச்சதை சரியாக மசியாது. பிழிப்பானில் கூம்பு அழுத்தம் கூடினால் கொட்டை உடையும், குறைந்தால் நாரில் எண்ணெய் தங்கும். இரண்டுக்கும் நடுவே தினம் ஓர் இழுபறி. தெளிவுத்தொட்டி 90 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். சூடு இறங்கினால் பிசுபிசுப்பு கூடும், எண்ணெய் மேலே வர நேரம் பிடிக்கும், சகதியோடு எண்ணெயும் வெளியே போகும். அந்தச் சூடு ஏன் இறங்குகிறது என்று பின்னோக்கிப் போனால், இரண்டு ஸ்டெரிலைசர்கள் ஒரே நேரத்தில் நீராவியை உறிஞ்சியிருக்கும். ஒரு நிலையத்தின் நோய்க்கு மருந்து இன்னொரு நிலையத்தில் இருப்பதை ஆலையில்தான் இவ்வளவு பளிச்சென்று பார்க்க முடியும்.

ஆய்வுக்கூடம்

இரண்டாம், மூன்றாம் வாரம் லேபில் உட்காருங்கள். எண்ணெயில் எவ்வளவு கொழுப்பு உடைந்து அமிலமாகியிருக்கிறது என்று காட்டும் தனித்த கொழுப்பமிலச் சோதனையை யாரும் மேற்பார்க்காமலே சரியாகச் செய்யும் அளவுக்குப் பழக வேண்டும். எண்ணெயை 60 முதல் 70 டிகிரிக்குச் சூடாக்கி நன்றாகக் குலுக்கி, சுமார் 5 கிராம் எடைபோடுங்கள். முன்பே நடுநிலையாக்கிய ஐசோபுரோப்பனால் எனும் ஆல்கஹால் 50 மில்லி, சில சொட்டு பினாப்தலீன். 0.1 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடை ப்யூரெட்டிலிருந்து விட்டு, இளஞ்சிவப்பு 30 நொடி நிற்கும்போது நிறுத்துங்கள். பால்மிட்டிக் அமிலமாகக் கணக்கிடும்போது: 25.6 × நார்மாலிட்டி × செலவான மில்லி ÷ எண்ணெயின் கிராம். 7 மில்லி செலவானால் 25.6 × 0.1 × 7 ÷ 5, அதாவது 3.58 விழுக்காடு. கச்சா எண்ணெய்க்கு வழக்கமான வணிக வரம்பு 5 விழுக்காடு.

தப்பு நடக்கும் இடங்கள் மூன்று. அறை வெப்பத்தில் செம்பனை எண்ணெய் பாதி உறைந்து அடியில் படியும். குலுக்காமல் மேலாக எடுத்தால் அந்த மாதிரி தொட்டியைப் பிரதிநிதிக்காது. ஆல்கஹாலை நடுநிலையாக்க மறந்தால் அதிலுள்ள அமிலமும் எண்ணெயின் கணக்கில் ஏறும். சோடியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து நாளாக நாளாக வீரியம் குறையும். அப்போது மில்லி கூடுதலாகச் செலவாகி எண்ணெய் உண்மையைவிட மோசமாகத் தெரியும். மாதக்கணக்கில் பாட்டிலில் இருக்கும் கரைசலைப் பொட்டாசியம் ஹைட்ரஜன் தாலேட்டால் மறுபடி சரிபாருங்கள். "நேத்து ராத்திரி ஷிப்டில் அமிலம் ஏறிடுச்சு" என்று சண்டை நடக்கும் நாளில், குற்றவாளி தோட்டத்தில் அடிபட்டுத் தாமதமாக வந்த பழமா, பாட்டிலில் கெட்டுப்போன கரைசலா என்று சொல்லத் தெரிந்தவர் நீங்களாக இருப்பீர்கள்.

கணக்குப் போடும் வாரம்

நான்காம் வாரத்திலிருந்து முழு ஆலைக்கும் பொருட்சமன்பாடு போடுங்கள். மணிக்கு 45 டன் ஆலை 20 மணி நேரம் ஓடினால் 900 டன் குலை. பொதுவான விகிதங்களில்: எண்ணெய் 20 விழுக்காடு என்றால் 180 டன், பருப்பு 5 விழுக்காடு 45, காலிக்குலை 22 விழுக்காடு 198, நார் 13 விழுக்காடு 117, ஓடு 6 விழுக்காடு 54. கூட்டினால் 594. இதோடு கழிவுநீர், ஒரு டன் குலைக்கு 0.65 டன் வீதம் 585. மொத்தம் 1,179 டன். உள்ளே போனது 900, வெளியே வந்தது 1,179.

இங்கேதான் பலர் பயந்து எண்களை வளைத்து 900-க்குக் கொண்டுவருவார்கள். வளைக்காதீர்கள். அந்த 279 டன் எங்கிருந்து வந்தது என்று தேடுங்கள்: ஸ்டெரிலைசரில் குளிர்ந்து நீரான ஆவி, பிழிந்த எண்ணெயில் ஊற்றும் வெந்நீர், பருப்பையும் ஓட்டையும் பிரிக்கும் ஹைட்ரோசைக்ளோன் தண்ணீர், தரை கழுவிய தண்ணீர். ஆவியாகிப் போனதையும் சேர்த்தால் உள்ளே வந்த தண்ணீர் 279-ஐவிடக் கூடுதல். எல்லைக்கோட்டை எங்கே போடுகிறோம் என்பதை மறந்தால் கணக்கு உதைக்கும். வகுப்பில் இதை எத்தனை முறை சொன்னாலும் ஏறாது. உங்கள் ஆலையின் எடைமேடைப் பதிவு, தொட்டி அளவு, தண்ணீர் மீட்டர் எண்களைப் போட்டு இதே கணக்கைச் செய்தால் அறிக்கையின் முதுகெலும்பு தயார்.

ஆய்வுத் தலைப்பைக் குறுக்குங்கள். "ஆலையின் திறனை மேம்படுத்தல்" என்பதெல்லாம் அமைச்சருக்குரிய தலைப்பு. "தெளிவுத்தொட்டிக்கு ஊற்றும் வெந்நீரைக் குறைத்தால் சகதியில் எண்ணெய் இழப்பு எப்படி மாறுகிறது" என்று ஓர் எண்ணைப் பிடியுங்கள். அதற்கு மாதிரியை 105 டிகிரியில் உலர்த்தி, சாக்ஸ்லெட் கருவியில் ஹெக்சேன் கரைப்பானால் எண்ணெயைப் பிரித்து எடைபோட வேண்டும். தினம் ஒரே நேரத்தில், ஒரே குழாயில் மாதிரி எடுக்காவிட்டால் வரைபடம் கோலம் போட்டது போலத்தான் வரும்.

கழிவுநீர்க் குளங்களைத் தவறவிடாதீர்கள். சுத்திகரிக்காத கழிவுநீரின் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜன்) லிட்டருக்குச் சுமார் 25,000 மில்லிகிராம். ஆற்றில் விடுவதற்கு வழக்கமான சட்ட வரம்பு 100, சில உரிமங்களில் 20. மலேசியாவில் இச்சோதனை 30 டிகிரியில் 3 நாள். அதாவது இன்று எடுத்த மாதிரியின் முடிவு வரும்போது மூன்று நாள் தண்ணீர் ஏற்கெனவே போயிருக்கும். ஆகவே பி.எச்., வெப்பநிலை, நிறம் போன்று உடனே தெரியும் அளவுகளைக் கொண்டு குளத்தின் போக்கை முன்கூட்டிக் கணிக்கிறார்கள். காற்றில்லாக் குளத்தின் பி.எச். 7-ஐ ஒட்டி இருந்தது சரசரவென்று இறங்கினால் மீத்தேன் நுண்ணுயிர்கள் திணறுகின்றன என்று பொருள். புதுக் கழிவுநீர் வரத்தைக் குறைக்க வேண்டும்.

செய்யவே கூடாதவை

காற்றில்லாக் குளத்தின் மேலே காய்ந்த சகதி தடித்துப் புல்கூட முளைத்திருக்கும். பார்த்தால் தரை போலவே இருக்கும். கால் வைத்தால் உள்ளே இழுத்துவிடும். மாதிரி எடுக்க நடைமேடை உள்ள இடத்தில் மட்டும், துணைக்கு ஓர் ஆளோடு, நீளக் கைப்பிடிக் கரண்டியால் எடுங்கள். தொட்டி, செரிப்பான், குழி எதற்குள்ளும் "ஒரு நிமிஷம் எட்டிப் பார்த்துட்டு வா" என்று யார் சொன்னாலும் இறங்காதீர்கள். மூடிய இடத்தில் நுழைய பயிற்சியும் சான்றிதழும் காற்றுச் சோதனையும் அனுமதிச் சீட்டும் வேண்டும். கழிவுநீர்க் குழியில் எழும் ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு கூடியதும் மூக்கையே மரத்துப்போகச் செய்யும், நாற்றம் நின்றுவிட்டதே என்று நம்பினால் அவ்வளவுதான். விழுந்தவரைத் தூக்க இறங்கிய இரண்டாவது ஆளும் விழுவது இவ்வகை விபத்துகளில் திரும்பத் திரும்ப நடப்பது. ஸ்டெரிலைசர் கதவுப் பக்கம் அழுத்தம் முழுக்க இறங்கும் வரை நேர் எதிரே நிற்காதீர்கள்.

பயிற்சிக் குறிப்பேட்டை அன்றன்றே எழுதுங்கள். "பிழிப்பான் நிலையத்தைப் பார்வையிட்டேன்" என்ற வரிக்கு மதிப்பில்லை. "காலை 10.20, 2-ஆம் பிழிப்பான், மோட்டார் 38 ஆம்பியர், நாரில் கொட்டை உடைவு கூடுதல், கூம்பு அழுத்தம் குறைக்கப்பட்டது" என்பது போல எழுதினால் அது ஆவணம். வாராவாரம் மேற்பார்வையாளர் கையெழுத்து வாங்குங்கள். கடைசி நாளில் பன்னிரண்டு வாரத்துக்கும் சேர்த்து நீட்டினால் எந்த என்சிக்கும் முகம் சுளிப்பார். படம் எடுக்கவும், ஆலையின் எண்களை அறிக்கையில் போடவும் எழுத்தில் அனுமதி கேளுங்கள்.

அதற்குப் பிறகு

இரண்டாவது அனுபவத்தைத் திட்டமிட்டே வேறு திசையில் தேடுங்கள். பிறை, பாசிர் கூடாங் பக்கத்துச் சுத்திகரிப்பாலைகளில் அதே எண்ணெய் பாஸ்போரிக் அமிலத்தில் பசை நீங்கி, வெளுப்பு மண்ணில் நிறம் குறைந்து, வெற்றிடத்தில் 240 டிகிரிக்கு மேல் வாசனை நீக்கப்படுவதைப் பார்க்கலாம். ரப்பர் பக்கம் ஆர்வம் இருந்தால் ரப்பர் பால் ஆலையும் கையுறைத் தொழிற்சாலையும் உண்டு; தோட்டத்திலிருந்து வரும் பாலில் 30 விழுக்காட்டை ஒட்டியிருக்கும் ரப்பர் மையவிலக்கியில் 60 ஆவதும், அம்மோனியா அதைக் கெடாமல் காப்பதும் தனிப் பாடம்.

நேர்முகத்தில் "மில்லில் பிரக்திக்கல் செய்தேன்" என்று தயங்கிச் சொல்லாதீர்கள். நீராவிச் சமநிலை, திட–திரவப் பிரிப்பு, காற்றில்லாச் செரிப்பு, டைட்ரேஷன் பிழை ஆய்வு என்று செய்த வேலையின் பெயரால் சொல்லுங்கள், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணோடு. பெட்ரோகெமிக்கல் நிறுவனத்தாருக்கும் ஸ்டெரிலைசரில் காற்று மாட்டிய கதை உடனே புரியும்; அவர்களுடைய கண்டென்சரிலும் (ஆவியைக் குளிர்வித்துத் திரவமாக்கும் கருவி) ரீபாய்லரிலும் அதே தொல்லைதான்.

ஆலை வேலையிலேயே தங்க நினைப்பவர், வேலை ஏற்கும் முன் நீராவிப் பொறியாளர் சான்றிதழுக்கு நிறுவனம் வழி செய்யுமா என்று கேளுங்கள். கொதிகலன் இருக்கும் இடத்தில் ஜே.கே.கே.பி. எனும் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் தேர்வு எழுதித் தேறியவருக்குத்தான் பதவி உயர்வில் முன்னுரிமை. கழிவுநீர்ப் பக்கம் பிடித்திருந்தால் சுற்றுச்சூழல் துறையின் பயிற்சிக் கழகமான ஐமாஸ் நடத்தும் செம்பனைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்புத் தகுதிச் சான்றிதழ் உண்டு. எந்தப் பக்கம் போனாலும் பட்டம் கையில் கிடைத்ததும் பி.இ.எம்.-இல் பட்டதாரிப் பொறியாளராகப் பதிந்துவிடுங்கள். நிபுணத்துவப் பொறியாளர் ஆகக் குறைந்தது மூன்றாண்டு நடைமுறை அனுபவம் காட்ட வேண்டும், அதைச் சரிபார்க்கப் பதிவுபெற்ற நிபுணத்துவப் பொறியாளர் ஒருவர் வேண்டும். உங்கள் ஆலையில் அப்படி ஒருவர் இல்லையென்றால் நிறுவனத்தின் வேறு கிளையில் யார் இருக்கிறார் என்று முதல் மாதத்திலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.